கூரை போட்ட திராட்சைத் தோட்டம்: அறிகுறியைப் பார்த்துச் சத்துக் கோளாறைச் சரி செய்வது

பந்தலுக்கு மேல் பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்களுக்காக இதை எழுதுகிறேன். நாசிக் பக்கம் பருவம் தப்பிய மழைக்கும் ஆலங்கட்டிக்கும் பயந்து கூரை போடுகிறார்கள். இத்தாலியின் புல்யா பகுதியில் பழத்தை முன்கூட்டிப் பழுக்க வைக்கவும், அறுவடையைத் தள்ளிப்போட்டு நல்ல விலைக்கு விற்கவும் பல காலமாகவே போடுகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்குக் கூரை போட்டாலும் கதை இதேதான். மழையில் காய் வெடிப்பதும் அடிச்சாம்பல் நோயும் குறையும். ஆனால் இரண்டு மூன்று காய்ப்பு போனதும், "பழம் முன்ன மாதிரி இல்லையே, என்ன உரம் குறையுது?" என்ற கேள்வி வரும்.

பெரும்பாலும் எந்த உரமும் குறையவில்லை என்பதுதான் பதில். கூரைக்குக் கீழே மூன்று விஷயம் மாறிவிடுகிறது. மழை மண்ணில் விழாததால் உப்பு கழுவப்படாமல் தங்குகிறது. காற்றோட்டம் குறைந்து ஈரப்பதம் ஏறுவதால் இலை நீரை இழுக்கும் வேகம் குறைகிறது, அந்த நீரோடு வர வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) காய்க்கு வந்து சேருவதில்லை. வெளிச்சமும் குறைகிறது. திறந்த பந்தலுக்கு வைத்திருந்த உர அளவை இங்கே அப்படியே தொடர்ந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சும், காய் தளரும். ஆகவே கீழே சொல்லும் எந்த அறிகுறியைக் கண்டாலும் உரக்கடைக்குப் போவதற்கு முன் மண்ணையும் தண்ணீரையும் பாருங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

கூரைத் தோட்டத்தில் ஒரே வயலுக்குள் மூன்று மண் இருக்கும். சொட்டுக் குழாய்க்கு நேர் கீழே எப்போதும் ஈரமான, உப்பு குறைந்த மண். அந்த ஈர வட்டத்தின் விளிம்பில் உப்பு ஒதுங்கி நிற்கும் மண், சில இடத்தில் வெள்ளையாகப் பூத்தே தெரியும். அப்புறம் கூரைத் தண்ணீர் கொட்டும் வரி. மழைத் தண்ணீர் முழுக்க அங்கேதான் விழுவதால் நைட்ரேட் எல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும். வயல் முழுக்க நாலைந்து இடத்தில் மண்ணெடுத்து ஒரே பையில் கலந்து கொடுக்கும் வழக்கமான முறை இங்கே உதவாது. மூன்று நிலையும் கலந்தால் வரும் எண் எந்த மண்ணுக்கும் பொருந்தாது. மூன்றையும் தனித்தனிப் பையில், ஒரு அடி ஆழம் வரை எடுத்துக் கொடுங்கள். கிணறு அல்லது போர் தண்ணீரையும் ஒரு லிட்டர் பாட்டிலில் கொடுங்கள்.

அறிக்கை வந்ததும் இசி என்ற எண்ணைப் பாருங்கள், உப்பின் அளவு அதில்தான் இருக்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். திராட்சை உப்பைத் தாங்கும் எல்லை 1.5 டெசிசீமன்ஸ் (இசியின் அலகு) என்று புத்தகங்களில் இருக்கும். 2.5 ஆனால் விளைச்சலில் 10 சதம் போகும். ஆனால் அந்த எண் மண்ணைக் குழம்பாகப் பிசைந்து பிழிந்த நீரில் அளந்தது. நம் ஆய்வுக்கூடங்களில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு, இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி அளக்கிறார்கள். அதில் உப்பு நீர்த்துப்போகும். செம்மண் கலந்த தோட்டத்தில் அந்த எண்ணைச் சுமார் மூன்றால் பெருக்கிப் பாருங்கள், மணல் அதிகமானால் இன்னும் கூடுதலாக. அறிக்கையில் 0.6 என்று போட்டு, பக்கத்தில் "உப்பு இல்லை, நல்ல நிலை" என்று முத்திரை குத்தியிருப்பார்கள். நெல்லுக்கு அது சரி. திராட்சைக்கு அது எல்லையைத் தாண்டிய மண்.

தண்ணீருக்கு இந்தப் பெருக்கல் வேண்டாம். இசி 1 வரை கவலையில்லை, 1.7 என்றால் விளைச்சல் இழப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பழம் கறுக்கவில்லை, குலைக்குள் பச்சைக் காய் நிற்கிறது

பன்னீர் திராட்சைக்கு, அதாவது மஸ்கட் ஹாம்பர்க் ரகத்துக்கு, இது பிறவிக் குணம். திறந்த பந்தலிலேயே ஒரே குலையில் கறுப்பும் சிவப்பும் பச்சையுமாக நிற்கும். கூரை போட்டால் இன்னும் கூடும். முதலில் சந்தேகப்பட வேண்டியது தழைச்சத்து மிகுதியை. பொட்டாஷ் குறைவெல்லாம் பிறகுதான்.

உச்சி வெயிலில் பந்தலுக்குக் கீழே போய்த் தரையைப் பாருங்கள். காசு காசாக வெயில் விழுந்திருக்க வேண்டும். தரை முழுக்க ஒரே நிழலாக இருந்தால், கொப்பு நுனிகள் காய் பழுக்கும் சமயத்திலும் வளர்ந்துகொண்டே இருந்தால், இலை அடர் பச்சையில் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தால், தழைச்சத்து மிஞ்சிவிட்டது. தோலுக்கு நிறம் தருவது சர்க்கரையும் வெளிச்சமும். கொடி தன் சர்க்கரையைப் புதுக் கொழுந்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது, குலைக்குக் கிடைப்பது மிச்சம்தான்.

"யூரியாவே நான் குறைச்சுத்தான் போட்டேன்" என்பார்கள். உண்மையாகவும் இருக்கும். கூரைக்குக் கீழே மண் எப்போதும் வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருப்பதால் தொழு உரம் இடைவிடாமல் மட்கி நைட்ரேட்டை விட்டுக்கொண்டே இருக்கிறது. கழுவ மழையும் இல்லை. தண்ணீரையும் மறக்காதீர்கள். கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் 45 பிபிஎம் இருந்தால், குடிக்கலாம் என்ற வரம்பின் விளிம்பு அது, பத்து லட்சம் லிட்டர் பாய்ச்சும்போது 10 கிலோ தழைச்சத்து சும்மாவே போய்ச் சேருகிறது. கிட்டத்தட்ட அரை மூட்டை யூரியா. இதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

செய்ய வேண்டியது: காய் பட்டாணி அளவு வந்த பிறகு யூரியாவை நிறுத்துங்கள். சொட்டு வழியாக 13-0-45 விடுபவர்கள் அதில் 13 பங்கு தழைச்சத்து என்பதை நினைவில் வைத்து, இந்தக் கட்டத்தில் தழைச்சத்தே இல்லாத 0-0-50க்கு மாறுங்கள். பக்கக் கொழுந்தைக் கிள்ளி, குலையை ஒட்டிய சில இலைகளை எடுத்துவிடுங்கள். ஒரேயடியாகச் சிரைத்துவிட்டால் காய் வெயிலில் வெந்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நிறம் வரவில்லையா? கூரைக்குள் வெப்பமானி ஒன்றைக் குலை உயரத்தில் தொங்கவிடுங்கள். 35 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் நின்றால் நிறம் ஏறுவது தடைபடும். பக்கவாட்டுத் திரையைத் தூக்கிவிடுவதுதான் அதற்கு மருந்து. பழைய பிளாஸ்டிக்கில் தூசியும் பாசியும் படிந்திருந்தால் கழுவுங்கள். எத்தரல் என்ற பழுக்க வைக்கும் மருந்தை அடித்துக் கறுக்க வைக்கும் குறுக்கு வழி எல்லாருக்கும் தெரியும். நிறம் வரும், இனிப்பு வராது. பன்னீருக்குப் பேரே வாசனைக்காக வந்தது, 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கறுத்த புளிப்புப் பழத்தைப் பெட்டியில் அடைத்து அனுப்புவது நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போடுவதுதான்.

இலை ஓரம் கருகுகிறது, பழத்தில் இனிப்பு ஏறவில்லை

பொட்டாஷ் குறைந்தாலும் இலை ஓரம் கருகும், உப்பு ஏறினாலும் ஓரம் கருகும். மருந்து நேர் எதிர். உப்பேறிய மண்ணில் இன்னொரு மூட்டை சிவப்பு பொட்டாஷ் போட்டால் கொடி முழுக்கக் காய்ந்துவிடும், ஏனென்றால் அந்த உரத்தில் பாதிக்குப் பாதி குளோரைடு. மழை இல்லாத மண்ணில் அது எங்கேயும் போகாது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க இப்படிச் செய்யலாம். கருகிய இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கருகலுக்கும் பச்சைக்கும் நடுவே மஞ்சள் பட்டை ஒன்று ஓடி, நரம்புகளுக்கு இடையே வெளிறி, ஓரம் சுருண்டிருந்தால் பொட்டாஷ். கருகல் சட்டென்று முடிந்து, கோடு போட்ட மாதிரி அடுத்தே நல்ல பச்சை தொடங்கினால் உப்பு. அடுத்து, காய் அதிகம் பிடிக்காத கொடி ஒன்றைத் தேடிப் போங்கள். பொட்டாஷ் குறை பாரம் தாங்கும் கொடியில்தான் கடுமையாக இருக்கும், ஏனென்றால் ஒரு டன் பழம் மண்ணிலிருந்து ஏறக்குறைய இரண்டரை கிலோ பொட்டாசியத்தை எடுத்துப் போகிறது. பாரமே இல்லாத கொடியிலும் இலை அதே அளவு கருகியிருந்தால், அதுவும் குழாயின் கடைசியில், தண்ணீர் குறைவாக வரும் பக்கமாக இருந்தால், உப்பு என்று முடிவு கட்டலாம்.

பொட்டாஷ் என்றால் முதல் வேலை குலை குறைப்பது. இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஆனால் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டரில் 14, 15இலேயே முள் நிற்கும்போது, எந்த உரமும் பத்து நாளில் அதை 18க்கு ஏற்றாது. வளராத சின்னக் குலை, இரட்டைக் குலை இருந்தால் பிஞ்சிலேயே எடுக்க வேண்டும். பிறகு வெள்ளை பொட்டாஷ், அதாவது சல்பேட் வடிவம், சொட்டு வழியாகச் சிறுகச் சிறுக. கவாத்து (கொப்பு வெட்டுவது) முடிந்ததும் பாதி, 60 நாள் கழித்துப் பாதி என்ற பழைய கணக்கு திறந்த பந்தலுக்கு நல்லதுதான். சொட்டுநீர்க் கூரைத் தோட்டத்தில் அதையே வாரா வாரம் பிரித்துக் கொடுப்பது மேல்.

உப்பு என்றால் உரத்தை நிறுத்திவிட்டு மண்ணைக் கழுவும் வழியைப் பாருங்கள். கூரையைச் சுருட்டி வைக்கும்படி அமைத்திருந்தால், காய் இல்லாத சமயமாகப் பார்த்து ஐப்பசி, கார்த்திகை மழையைத் தோட்டத்துக்குள் விடுங்கள். முல்லைப் பெரியாறு பாயும் காலத்தில் கிணறு நல்ல தண்ணீராக ஊறியிருக்கும், அதை வழக்கத்தைவிட நீண்ட நேரம் விடுவதும் உதவும். ஒரு எச்சரிக்கை: நீண்ட நாள் கழித்துக் கூரையை எடுத்ததும் விழும் முதல் தூறல் ஆபத்தானது. ஈர வட்டத்தின் விளிம்பில் ஒதுங்கி நின்ற உப்பை அது நேராக வேருக்குள் தள்ளிவிடும். ஆகவே முதல் மழை பெய்யும்போது சொட்டுநீரையும் திறந்தே வையுங்கள். மழையில் மோட்டார் போடுகிறான் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

அறிக்கையில் சோடியமும் அதிகம் என்றால் ஜிப்சம் போடலாம், ஆனால் தண்ணீர் வடிய வழி இருக்கும் மண்ணில் மட்டும். வடியாத களிமண்ணில் ஜிப்சம் போட்டால் உப்பு இன்னும் ஒன்று கூடும், அவ்வளவுதான்.

குலை நுனியில் காய் தொங்கித் தண்ணீராகிறது

காய் நிறம் திரும்பும் சமயத்தில் குலையின் கீழ் நுனியில் சில காய்கள் மட்டும் சப்பையாகி, அமுக்கினால் புளித்த தண்ணீர் வரும். நோய் என்று நினைத்துப் பூஞ்சாணக் கொல்லி அடிப்பார்கள். குலையைத் தலைகீழாகத் திருப்பிக் காம்பைப் பாருங்கள். காய்க் காம்பிலோ நடுத் தண்டிலோ கடுகளவு கறுப்புப் புள்ளி இருக்கும். நகத்தால் சுரண்டினால் உள்ளேயும் காய்ந்திருக்கும். அந்த இடத்தோடு காய்க்குப் போகும் பாதை அடைபட்டுவிட்டது.

இதற்குக் காரணம் ஒன்றல்ல. மக்னீசியம் குறைவு, பொட்டாஷ் மிகுதி, தழைச்சத்து மிகுதி, அளவுக்கு மீறிய பாரம் எல்லாம் சேரும். கூரைத் தோட்டத்தில் அதிகம் பார்ப்பது, இனிப்பு வேண்டும் என்று பொட்டாஷை அள்ளிக் கொட்டிய இடத்தில். பொட்டாஷ் மிஞ்சினால் வேர் மக்னீசியத்தை எடுக்காது. கொப்பின் அடி இலைகளில் நரம்பு பச்சையாகவும் நடுவில் ஆப்பு வடிவில் மஞ்சளாகவும் இருந்தால் சந்தேகம் உறுதி. எப்சம் உப்பை (மக்னீசியம் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் வீதம் குலை நனையும்படி, நிறம் திரும்பத் தொடங்கும்போது ஒரு முறை, பத்து நாள் கழித்து ஒரு முறை அடியுங்கள். ஏற்கெனவே தண்ணீரான காய் திரும்பாது, கத்தரித்து எடுத்துவிடலாம். அடுத்த காய்ப்புக்குப் பொட்டாஷைக் குறைத்து எப்சம் உப்பைச் சொட்டு வழியாகவே கொடுங்கள்.

காய் வெடிக்கிறது, தொட்டால் தொளதொளக்கிறது, பெட்டியில் உதிர்கிறது

கூரை போட்ட பிறகும் வெடிக்கிறதே என்று ஆச்சரியப்படுவார்கள். காய்மேல் மழை படாவிட்டாலும், கூரை ஓரத்தில் அருவி மாதிரி கொட்டும் தண்ணீரைப் பாதை வரைக்கும் போயிருக்கும் வேர்கள் ஒரே மூச்சில் குடித்துவிடும். அந்த வரியில் வாய்க்கால் வெட்டி வெளியே விடுங்கள். பாதி வெடிப்பு அதிலேயே நிற்கும்.

மீதிக்குக் கால்சியம். மண்ணில் சுண்ணாம்பு கொட்டிக் கிடக்கும், அறிக்கையும் "மிகுதி" என்றே சொல்லும், ஆனாலும் காயில் இருக்காது. கால்சியம் இலை இழுக்கும் நீரோடு மட்டும்தான் போகும், ஒரு இடத்தில் சேர்ந்தபின் திரும்பி வேறிடம் போகாது. ஈரப்பதம் நிறைந்த கூரைக்குள் காய் நீரை இழுப்பது மிகக் குறைவு. ஆகவே காற்றோட்டம்தான் முதல் கால்சியம் உரம்.

தெளிப்பதானால் காய் பிடித்த முதல் சில வாரத்துக்குள் தெளிக்க வேண்டும். நிறம் திரும்பிய பிறகு அடிப்பது வீண். கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 3 முதல் 5 கிராம், குலையில் நேராகப் படும்படி. கூரைக்குள் கழுவிவிட மழை இல்லாததால், பிந்தி அடித்தால் காய்மேல் வெள்ளைக் கறை அப்படியே சந்தை வரைக்கும் போகும். இன்னொன்று: இதை சல்பேட் உரத்தோடோ பாஸ்பேட் உரத்தோடோ ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். அடியில் பால் திரிந்த மாதிரி படிந்து சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும்.

ஒரே குலையில் மிளகும் நெல்லிக்காயும்

சில காய் பெரிதாகி, மற்றவை மிளகளவில் விதையில்லாமல் நின்றுவிடும். இலை சிறுத்து, காம்பு சேரும் இடத்தில் அகலமாக விரிந்து, நரம்புக்கு இடையே வெளிறியிருந்தால் துத்தநாகம். கணு நெருக்கமாகி, கொப்பு கோணல்மாணலாக வளைந்து, நுனி கருகியிருந்தால் போரான். இரண்டும் இல்லாமல் காய் மட்டும் இப்படி என்றால், பூத்த சமயத்தில் கூரைக்குள் வெக்கை அதிகமாக இருந்திருக்கும், அல்லது பன்னீரின் குணமாகவே இருக்கும். பூக்கும்போது பந்தலை லேசாகத் தட்டிவிடுவது பழைய பழக்கம், காற்று புகாத கூரைக்குள் அது பயன்தரும்.

பூப்பதற்கு முன் ஒரு முறை, பத்து நாள் கழித்து ஒரு முறை, 0.1 சதம் போரிக் அமிலம், 0.2 சதம் துத்தநாக சல்பேட், 1 சதம் யூரியா சேர்த்துத் தெளிப்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. பத்து லிட்டர் டேங்க்குக்கு 10 கிராம், 20 கிராம், 100 கிராம். தழைச்சத்து மிஞ்சிய தோட்டத்தில் யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம். போரானில் மட்டும் கை தாராளம் கூடாது. குறைவுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி கொஞ்சம்தான், உப்புத் தண்ணீரிலேயே போரான் வருவதும் உண்டு, கூரைக்குள் அது கழுவப்படாது. முற்றிய இலை ஓரத்தில் கரும்புள்ளி வரிசையாக வந்து, கொழுந்து கவிழ்ந்த கிண்ணம்போல் குவிந்தால் போரானை அடியோடு நிறுத்துங்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிறைந்த டிஏபி உரத்தை வருடக்கணக்கில் கொட்டிய மண்ணில் துத்தநாகம் இருந்தும் ஏறாது. அங்கே மணிச்சத்தை நிறுத்துவதும் வைத்தியம்தான்.

கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இரும்பு. ஆனால் இரும்பு வாங்குவதற்கு முன் சொட்டுவானுக்குக் கீழே ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிழிந்து பாருங்கள். விரல் இடுக்கில் தண்ணீர் வந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது, பாசனத்தைக் குறைத்தாலே ஓரிரு வாரத்தில் புதுக் கொழுந்து பச்சையாகும். பிஎச் (மண்ணின் அமில-காரத் தன்மை) 7.5க்கு மேல் உள்ள மண்ணில் ஈடிடிஏ (EDTA) வடிவ இரும்பைத் தரையில் விடுவது காசைக் கரைப்பது. ஈடிடிஎச்ஏ (EDDHA) வடிவம் விலை அதிகம், ஆனால் வேலை செய்யும். அவசரத்துக்கு 0.5 சதம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கொஞ்சம் எலுமிச்சை உப்போடு சாயங்காலத்தில் தெளிக்கலாம்.

கவாத்து செய்தும் குலையே இல்லை

இந்தக் காய்ப்பில் தேடினால் காரணம் கிடைக்காது. இப்போது வரும் குலை முந்தைய வளர்ச்சியின்போதே மொட்டுக்குள் உருவாக வேண்டியது. அந்தச் சமயத்தில் கூரை மூடியே இருந்து, தழைச்சத்தும் மிஞ்சி, மொட்டு இருட்டில் கிடந்திருந்தால் குலைக்குப் பதில் பற்றுக்கம்பிதான் வரும். கவாத்துக்கு முன்பே ஒன்றிரண்டு கொப்பை வெட்டி மொட்டுச் சோதனைக்குக் கொடுத்தால் எத்தனை கண்ணில் குலை இருக்கிறது, எந்தக் கண்ணுக்கு மேல் வெட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். அடுத்த வளர்ச்சியில் முதல் இரண்டு மாதம் கூரையைச் சுருட்டி வைத்து, தழையைக் குறைத்து, மணியும் பொட்டாஷும் கிடைக்கும்படி பாருங்கள்.

இலைக்காம்பு ஆய்வும் அப்போதே கொடுக்கலாம். கவாத்து செய்து 45ஆம் நாள் வாக்கில் கொப்பின் அடியிலிருந்து ஐந்தாவது இலை, முழுப் பூப்பில் என்றால் குலைக்கு எதிரே உள்ள இலை. இலையைக் கிள்ளி எறிந்துவிட்டுக் காம்பை மட்டும் நூறுக்குக் குறையாமல், கூரையின் நடுவிலும் ஓரத்திலும் தனித்தனியாக எடுங்கள். உரமோ மருந்தோ தெளித்த மறுநாள் எடுக்காதீர்கள். பூப்பில் எடுத்த காம்பில் பொட்டாசியம் 1 சதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 1.5க்கு மேல் போதும். மக்னீசியம் 0.3 சதத்துக்கு மேல், துத்தநாகம் 26 பிபிஎம்முக்கு மேல், போரான் 30க்கு மேல் இருந்தால் சரி. இவை கலிபோர்னியாவில் தாம்சன் சீட்லெஸ் ரகத்துக்கு வகுத்த எண்கள். பன்னீருக்கு அப்படியே பொருத்தாமல், நம் தோட்டத்திலேயே நன்றாகக் காய்த்த கொடியின் காம்பையும் ஒரு பையில் சேர்த்துக் கொடுத்து இரண்டையும் ஒப்பிடுவது நல்லது. தேனி மாவட்டக்காரர்களுக்கு ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அறிக்கையோடு கருகிய இலை, நல்ல இலை இரண்டையும் ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போங்கள்.